சிவப்பு எரியவில்லை

பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

இரண்டரை வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் காரியம் இல்லாமல் இருக்காது என்று நீயே யூகித்திருப்பாய். காரியம்தான். நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, கோர்ட்டில் உனக்கு எதிராகச் சாட்சி சொன்ன வாய் இது. இருந்தாலும் கேட்கிறேன். அங்கே உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கால் வீக்கம் வடிந்ததா?

வேன் மக்கர் பண்ணுகிறது. நம் பட்டறையில் நீயே உட்கார்ந்து ஒயரிங் செய்த பழைய டீசல் வேன்தான். இப்போது நான் ஓட்டுகிறேன். ரொட்டிக்கடை அக்காவிடம் வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு ரொட்டி ஏற்றிப் பதினெட்டுக் கடைகளுக்குப் போட வேண்டும். தினமும் காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது.

தள்ளுவது என் வீட்டுக்காரர். நீ உடைத்த வலது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. அதனால் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷன் யாருக்குடி கெடைப்பான்"னு பெருமூச்சு விடுகிறார்.

ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பதினெட்டுக் கடையும் முடியும்வரை நான் இன்ஜினை அணைப்பதே இல்லை. ரொட்டியில் டீசல் வாடை என்று ஒரு கடைக்காரர் இரண்டு தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா நல்லவள், ஆனாலும் அவளுக்கும் பொறுமை தீர்ந்துவிட்டது. "மார்ச் முடியறதுக்குள்ள வண்டிய சரி பண்ணு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். இந்த வேலை போனால் நான் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும் அண்ணா. அது மட்டும் என்னால் முடியாது.

வெளி மெக்கானிக்கைத் தொட விடக்கூடாது என்கிறார் இவர். அதையும் மீறி இரண்டு பேர் பார்த்தார்கள். உன் ஒயரிங்கைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். பதில் போட மனம் வந்தால் வீட்டு முகவரிக்குப் போடாதே, ரொட்டிக்கடைக்குப் போடு.

தங்கை,
பட்டாணி

❖

பிப்ரவரி 13

பட்டாணிக்கு,

உன் கடிதத்தை நாலாகக் கிழிக்கலாம் என்றுதான் கையில் எடுத்தேன். "டக்" என்று எழுதியிருந்தாய். அதனால் கிழிக்கவில்லை.

முதலில் பேச வேண்டியதைப் பேசிவிடுகிறேன். அன்றைக்குப் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவர உனக்குப் பத்து நிமிடம் தாமதம். உன் புருஷன், அந்த டிங்கர், ஊரார் வண்டியின் நெளிவையெல்லாம் தட்டி நிமிர்த்துகிறவன், உன் முடியைப் பிடித்து அதே வேனின் கதவில் முகத்தை மோதினான். இரண்டு முறை. மூன்றாவது முறைக்குள் இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பானரோடு நான் வந்துவிட்டேன். அவன் மணிக்கட்டைக் கல்லில் வைத்து அடித்தேன். எலும்பு நொறுங்கியது காதில் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் இதுவரை ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை. நீ கூண்டில் ஏறினாய். "எங்க வீட்ல சண்டையே கெடையாதுங்க, எங்கண்ணனுக்குத்தான் கோவம் ஜாஸ்தி" என்றாய். எனக்கு மூன்று வருடம். ஜூன் வந்தால் முடிகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. கேட்டதற்கு நன்றி.

இனி வண்டி. பேட்டரியைத் திட்டாதே, எல்லோரும் முதலில் அதைத்தான் திட்டுவார்கள். அதன் இரண்டு முனையிலும் உப்புப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, முறுக்கிக் கட்டு. அடுத்தது பெல்ட். இன்ஜினை அணைத்துவிட்டு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார். விரல் அகலத்துக்கு மேல் அமுங்கினால் பெல்ட் தளர்ந்துவிட்டது, டைனமோவைச் சுற்றாமல் வழுக்குகிறது என்று அர்த்தம். விளிம்பு பிய்ந்திருந்தால் புதுசு போடு. அதற்குப் பிறகு வோல்ட் பார்க்கிற மீட்டர் ஒன்று இரவல் வாங்கு. வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் பன்னிரண்டரை காட்ட வேண்டும், ஓடும்போது பதினாலைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் டைனமோ சும்மா சுற்றுகிறது. என்ன காட்டியது என்று அப்படியே எழுது. "கொஞ்சம் கம்மி" என்று மழுப்பாதே, நம்பரை எழுது.

இங்கே எங்கள் கடிதங்களையெல்லாம் ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஐயா, வணக்கம். டைனமோ என்பது டைனமோதான், வேறு எதற்கும் மறைபெயர் இல்லை.

அண்ணன்

❖

பிப்ரவரி 25

அன்பு அண்ணாவுக்கு,

கிழிக்காமல் விட்டதற்கு உனக்கு ஒரு கும்பிடு. உப்பு நீ சொன்ன மாதிரியே பூத்திருந்தது, பச்சையும் வெள்ளையுமாக. கழுவினேன், சுரண்டினேன், கட்டினேன். பெல்ட் என் கட்டைவிரலுக்கு வளைந்துகொடுத்து உள்ளே போனது, விளிம்பிலும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து நானே கழற்றிப் புதுசு மாட்டிவிட்டேன். கையெல்லாம் கறுப்பு. சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததெல்லாம் வீண் போகவில்லை. உனக்குப் பெருமையாக இருந்தால் இருக்கட்டும்.

இப்போது நம்பர். அணைந்திருக்கும்போது பன்னிரண்டு புள்ளி இரண்டு. ஓடும்போது பன்னிரண்டு புள்ளி ஒன்று. ஹெட்லைட் போட்டால் பதினொன்று புள்ளி எட்டு. மூன்று முறை பார்த்தேன். மழுப்பவில்லை.

ஆகவே மறுநாளும் "டக்". மறுநாளும் அவர் தோள் கொடுத்தார். தள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நான் உள்ளே போய், "கொஞ்சம் வந்து தள்ளி விடறீங்களா"ன்னு கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டால் எழுந்திருக்க மாட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது என் குரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுவார்.

பெல்ட்டை நான் மாற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். ஒரு வாரமாக முதுகை சீட்டில் சாய்க்காமல்தான் வண்டி ஓட்டுகிறேன். நீ கழற்றச் சொன்ன பழைய பெல்ட் சீட்டுக்கு அடியில் கிடந்தது, அதுதான் அவர் கைக்கு அகப்பட்டது. வலது கையால் முடியாததால் இடது கையால் அடித்தார், குறி தப்பித் தப்பி விழுந்தது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, பைத்தியம் பிடித்துவிட்டதா தெரியவில்லை.

நீ இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. வண்டியைப் பற்றி மட்டும் எழுது.

உன் பட்டாணி

❖

மார்ச் 6

பட்டாணி,

எழுதாதே என்றாய், எழுதவில்லை. எழுதாமல் இருக்க எவ்வளவு பல்லைக் கடித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஒருத்தன் அதை என் கையிலிருந்து பிடுங்கினான். "கும்பிடு"ன்னு இருந்ததைச் சத்தமாகப் படித்து எல்லோருக்கும் காட்டினான். தண்ணீர்க் குழாயடியில் அவன் பின்மண்டையைப் பிடித்துக் குழாய் மூக்கில் வைத்து ஒரு இடி. நெற்றியில் ஏழு தையல். எனக்கு நாலு நாள் தனி அறை. அதனால்தான் உடனே பதில் போட முடியவில்லை. கடிதம் பத்திரமாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ரத்தம்.

ஓடும்போது பன்னிரண்டு புள்ளி ஒன்று என்றால் சார்ஜ் துளிகூட ஏறவில்லை. டைனமோவைக் கழற்றிச் சோதிக்கிற கடைக்குக் கொண்டு போ. உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். அவர்கள் மேசையில் சுற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொரு கேள்வி. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது எரிகிறதா? எரிந்தால் சொல்.

ஒரு வேடிக்கை கேள். கடிதம் படிக்கும் ஐயா நேற்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு தனி அறைதான் என்று நினைத்துப் போனேன். "அந்த கட்டவிரல் விஷயம் என் வண்டிக்கும் பொருந்துமாய்யா?" என்று கேட்டார். பொருந்தும் என்றேன். அவர் வண்டியிலும் உப்புப் பூத்திருந்ததாம்.

அண்ணன்

❖

மார்ச் 17

அன்பு அண்ணாவுக்கு,

இன்னும் பதினான்கு நாள்தான் அக்கா கொடுத்த கெடு. டைனமோவைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றி ரொட்டிக்கூடைக்குள் வைத்து எடுத்துப் போனேன். கடைக்காரர் மேசையில் மாட்டிச் சுற்றினார். நன்றாகச் சார்ஜ் விட்டது. "இதுல ஒரு கொறையும் இல்லம்மா, தங்கமான டைனமோ"ன்னு திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி வண்டியில் மாட்டினேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. மேசையில் வேலை செய்கிறது, வண்டியில் செய்ய மாட்டேன் என்கிறது. வெளியில் சிரித்துப் பேசிவிட்டு வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும், இது அந்த ரகம்.

நீ கேட்ட சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்த ஒன்றாவது நிம்மதி. சிவப்பு எரிந்தால் வண்டியை நிறுத்து என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்? மூன்று மாதமாக ஒருநாள்கூட எரிந்ததில்லை.

புது பேட்டரியும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றே நாளில் இறங்கிவிட்டது. எனக்கு அழுகையாக வருகிறது அண்ணா. காலையில் அந்த "கொஞ்சம் வர்றீங்களா"வைச் சொல்ல வாய் திறக்கும்போது நாக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. நேற்று ஐந்து முறை கேட்க வைத்தார். ஐந்தாவது முறை முட்டி போட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அதன் பிறகு வெளியே வந்து, எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தள்ளினார்.

உன் பட்டாணி

❖

மார்ச் 22

பட்டாணி,

நான் ஒரு முட்டாள். வடிகட்டின முட்டாள். உன்னிடம் அரைக் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு வாரத்தை வீணடித்தேன்.

கவனமாகப் படி. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்னால், அந்தச் சிவப்பு எரிய வேண்டும். எரிந்தே ஆக வேண்டும். இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். நான் உனக்குப் பின்பாதியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எரிந்து அணைவது நல்லது. எரியாமலே கிடப்பது கோளாறு. ஓடுகிற வண்டியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வேனில் சாவியிலிருந்து வருகிற கரண்ட் அந்தக் குட்டி பல்ப் வழியாகத்தான் டைனமோவுக்குப் போகிறது. அந்தத் துளி கரண்ட்தான் டைனமோவைத் தட்டி எழுப்புகிறது. பல்ப் இல்லை என்றால் டைனமோ தூங்கிக்கொண்டே சுற்றும். கண்மண் தெரியாத வேகத்தில் போனால் ஒருவேளை தானாக எழும், உன் ரொட்டி வண்டி அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை.

டேஷ்போர்டில் நாலு திருகாணி. கழற்றிப் பின்பக்கம் கையை விடு. பல்ப் பியூஸ் ஆகியிருந்தால் மாற்று, முடிந்தது கதை.

ஹோல்டரில் பல்பே இல்லை என்றால், யாரோ எடுத்திருக்கிறார்கள். இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒயரிங் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தவன் ஒருத்தன். இன்னொருத்தன் நான், கம்பிக்குள் இருக்கிறேன்.

அவன்தான் என்றால் எழுது. ஜூன் மாதம் நான் வெளியே வந்த அன்றைக்கே ■■■■■■ ■■■■ ■■■■■■■ ■■■■■ ■■■■■■■■ ■■■ ■■■■■■ ■■■■■■■ ■■■■ ■■■■■■■■■ ■■■■■. இது சத்தியம்.

அண்ணன்

❖

ஏப்ரல் 9

அன்பு அண்ணாவுக்கு,

ஹோல்டர் காலியாக இருந்தது.

புது பல்ப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது. அண்ணா, அபாய விளக்கு எரிந்ததற்கு அழுதவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. மீட்டரில் பதினாலு புள்ளி ஒன்று.

இரண்டு நாள் அவரைக் கூப்பிடாமலே கிளம்பினேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் நானே கேட்டேன், "பல்ப எடுத்தது நீங்களா?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "தெனம் காலைல நீ என்னக் கூப்பிடணும்ல" என்றார். அவ்வளவுதான் காரணம். பிறகு தட்டால் அடித்தார், தட்டு வளைந்ததும் காலால். காது ஒன்று இன்னும் இரைகிறது.

கோர்ட்டில் சண்டையே கிடையாது என்று நான் சொன்னது பொய் இல்லை. சண்டை என்றால் இரண்டு பேர் வேண்டுமே. நான் திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. உன்னைப் போலவே அந்த வக்கீலும் அரைக் கேள்விதான் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை நாலரைக்கு வண்டியை எடுத்தேன். பையில் இரண்டு புடவை, மீட்டர், ஸ்பானர் செட். கேட்டுக்கு முன்னால் கையில் டிங்கர் சுத்தியலோடு நின்றார். கண்ணாடியில் ஓங்கி ஒரே அடி. முன்கண்ணாடி முழுக்க என் மடியில் கொட்டியது. கன்னத்தில் கீறல். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியரில் இருந்தேன். அவர் இரண்டு கையையும் விரித்து, "ஏத்து பாக்கலாம்" என்று நின்றார்.

ஏற்ற ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ஆசைதான். கால் அழுத்திவிட்டது. கடைசி நொடியில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி கேட் தூணைப் பெயர்த்துக்கொண்டு போனது. பம்பர் அவர் முழங்காலில் இடித்த சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்ததைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறார்.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது அண்ணா. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எலும்புச் சத்தத்துக்கு வருத்தப்படவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அது இதுதான் போலிருக்கிறது.

உன் கடிதத்தில் அந்த ஐயா மை பூசிய வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். என் வீட்டுக்காரருடைய இன்னொரு கையை என்ன செய்வாய், தலையை எதில் வைத்து என்ன செய்வாய், எல்லாம் தெரிந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பயம்தான் வந்தது. அவர் செருப்பைக் கழற்றி வீசுகிற சத்தம் கேட்டால் வருமே, அதே பயம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எனக்குப் பதினேழு வயது. டிங்கரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ என் பிடரியைப் பிடித்துப் பட்டறை ஷட்டரில் மோதினாய். ஒரு பல் போனது. மறுநாள் எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தாய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாய். அன்றைக்கு என் வாயைக் கழுவிவிட்டு, ரத்தம் நிற்கும்வரை துணியை அழுத்திப் பிடித்தது அவர். உன் கைக்குப் பயந்துதான் நான் அவர் கைக்குப் போனேன். கோர்ட்டிலும் அவருக்குப் பயந்து மட்டும் அப்படிச் சொல்லவில்லை. நீ உள்ளே போனால் என்னைச் சுற்றி இருக்கிற கைகளில் ஒன்றாவது குறையும் என்று நினைத்தேன். அது பாவம்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

உன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதே. இந்த உலகத்தில் என்னைப் பட்டாணி என்று கூப்பிட நீ ஒருத்தன்தான். நீ சொல்லிக்கொடுத்த வேலைதான் என்னை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது.

ரொட்டிக்கடை அக்கா அவளுக்குத் தெரிந்த ஒரு கடையில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் சொல்லப்போவதில்லை. இந்தக் கடிதத்தை அக்காவிடம் கொடுத்து அங்கிருந்தே போடச் சொல்லியிருக்கிறேன். நீ எழுதினால் ஒரே ஒரு கடிதம் மட்டும் எனக்கு அனுப்பிவைப்பாள். ஒன்றுதான். அதற்கு மேல் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பட்டாணி

❖

ஏப்ரல் 20

அன்புள்ள பட்டாணிக்கு,

ஒன்றுதான் என்றாய். ஏழு தாள் கிழித்துவிட்டேன். முதல் மூன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். நான் உன்னை எப்படி வளர்த்தேன், என்னை அவனோடு ஒரே வரியில் வைக்கிறாயே என்று கத்தியிருந்தேன். நாலாவதில் அழுதிருந்தேன். எதுவும் உனக்கு உதவாது.

எந்தப் பல்?

ஒரு வாரமாக யோசிக்கிறேன். மேலேயா, கீழேயா, இடதா, வலதா. ஷட்டரின் பச்சை பெயிண்ட் கண்ணில் நிற்கிறது. உனக்கு வாங்கின செருப்பின் நிறம் நினைவிருக்கிறது, கடைக்காரன் முகம்கூட நினைவிருக்கிறது. பல் நினைவில்லை. கோர்ட்டில் என் வக்கீல் டிங்கரைக் கேட்டார், "உன் பொண்டாட்டி மொகத்துல எந்தப் பக்கம் அடி பட்டுச்சு?" "ஞாபகம் இல்லீங்க" என்றான். பொய் சொல்றான் பாருங்க ஐயா என்று நான் கூண்டைப் பிடித்துக் கத்தினேன். அவன் அதில் மட்டும் பொய் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அடித்தவனுக்கு நினைவிருக்காது போலிருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். செருப்பு வாங்கி வந்தது போலவே இருந்தது. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

முன்கண்ணாடி மாற்றும்வரை கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு ஓட்டு. தூணில் இடித்த பக்கம் பெல்ட் நேராக ஓடுகிறதா பார், புல்லி கோணியிருக்கும். பல்ப் கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொள். நீ நன்றாக வேலை செய்கிறாய். நாலு திருகாணியைக் கழற்றிப் பார்க்கிற துணிச்சல் என்னிடம் வேலை கற்ற ஆண்பிள்ளைகளுக்குக்கூட வந்ததில்லை.

ஜூனில் வெளியே வருகிறேன். அவனைத் தேடிப் போக மாட்டேன். இதைக் கடிதம் படிக்கும் ஐயாவின் மேசையில் உட்கார்ந்து, அவர் பார்க்க எழுதுகிறேன். உன்னையும் தேட மாட்டேன். அக்காவிடமும் கேட்க மாட்டேன்.

இதற்குப் பதில் போடாதே. ஒருமுறை அக்கா வழியாக அனுப்பாமல் நீயே போட்டுவிட்டாலும் உறையில் தபால் முத்திரை இருக்கும், ஊர் பெயர் தெரியும். படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன், படித்துவிடுவேன். அப்புறம் ஒருநாள் அந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன்.

உன் அண்ணன்